மூன்று நாற்காலியும் ஒரு ஷூவும்

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது எனக்குச் சக்கர நாற்காலி கொடுத்தார்கள். ஒன்றல்ல, மூன்று. எனக்கோ நடக்க வரும். பிறவியிலேயே இடது கால் கொஞ்சம் குட்டை, அவ்வளவுதான். கையை முட்டியில் ஊன்றிக்கொண்டு விந்தி விந்தி நடப்பேன். ஓடவும் செய்வேன். ஓடி விழுந்து, முட்டி தேய்ந்து, அதற்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளவும் செய்வேன்.

வேலூர் ஆஸ்பத்திரியில் அதற்கு ஒரு வழி சொல்லியிருந்தார்கள். ஆள் வளர்ந்த பிறகு ஆபரேஷன் செய்துகொள்ளலாம், அதுவரைக்கும் இடது காலுக்கு அடிப்பாகத்தை உயர்த்திய ஷூ போட்டால் போதும் என்று. இரண்டாம் வகுப்பில் அப்படி ஒன்று செய்தும் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு நான் நேராக நின்றதை, அப்பா அக்கம்பக்கத்தில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். ஆனால் கால் வளர்கிற சாமான். ஒரே வருஷத்தில் விரல்கள் மடங்க ஆரம்பித்து, ஷூ பரணுக்குப் போய்விட்டது. அடுத்ததற்கு அளவு கொடுக்க, போட்டுப் பார்க்க, வாங்கி வர என்று வேலூருக்கு அலைய வேண்டும். அப்பாவுக்குத் தோல் பதனிடும் இடத்தில் வேலை, அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் தையல். லீவு போட்டால் இரண்டு பேருக்கும் அன்றைய கூலி கிடையாது. அப்படியே தள்ளிப் போய்விட்டது.

எங்கெங்கோ இருக்கிற வெளிநாட்டுக்காரர்களுக்கெல்லாம் ஷூ செய்து அனுப்புகிற ஆம்பூரில் என் ஒரு காலுக்கு ஷூ இல்லை. இதை இப்போது யோசித்துச் சொல்கிறேன். அப்போது என் கவலை வேறு. ஐந்தாவதோடு எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம் முடிந்துவிடும். ஆறாவது படிக்க ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெண்கள் பள்ளிக்குப் போக வேண்டும். நடுவில் நடை மேம்பாலம். ஏறுவதற்குப் படி, இறங்குவதற்கும் படி. ஒருநாள் ஏறிப் பார்த்ததில் பாதியிலேயே இடுப்பு பிடித்துக்கொண்டு, மாமாதான் என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். ஒரு வருஷம் வீட்டில் இருக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றார் அப்பா. எங்கள் தெருவில் ஒரு வருஷம் வீட்டில் இருந்த எந்தப் பெண்ணும் திரும்பப் பள்ளிக்கூடம் போனதில்லை. அது எனக்கே தெரியும். அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை.

மாமா என்பது அம்மாவின் தம்பி. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஊரில் அவருக்குத் தெரியாத ஆள் இல்லை, அவர் வாய் கொடுக்காத ஆளும் இல்லை. என் கதையை அவர் மூன்று இடங்களில் சொல்லி வைத்தார். ஒன்று, பெரிய மனிதர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு கிளப். இன்னொன்று, சர்ச்சில் இருக்கும் பெண்கள் சங்கம். மற்றது, பள்ளிவாசல் தெருக்காரர்களின் உதவிக் குழு.

"மூணு எடத்துல சொல்லி வெச்சா ஒரு எடத்துலயாச்சும் ஆவும்க்கா. நமக்கு இன்னா நஷ்டம்?" என்று அம்மாவைச் சமாதானம் செய்தார்.

மூன்று இடத்திலும் ஆகிவிட்டது. மாமா போன இடத்திலெல்லாம் கால் சரியில்லாத பெண் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். கால் சரியில்லை என்றால் சக்கர நாற்காலி. இதில் மூன்று சங்கத்துக்கும் கருத்து வேறுபாடு இல்லை. யாரும் என்னை வந்து பார்க்கவில்லை, ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவும் இல்லை. முதலில் கிளப், கல்யாண மண்டபத்தில் மேடை போட்டுக் கொடுத்தது. நான் படியேறி மேடைக்கு நடந்து போனேன். இறங்கும்போது நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு இறக்கினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். சில நாள் கழித்து சர்ச் வாசலில் ஒன்று, அதற்குப் பிறகு பள்ளிவாசல் தெருவில் ஒன்று. ஒவ்வொரு தடவையும் பவுடர் பூசி, ரிப்பன் கட்டி, போட்டோவுக்குச் சிரித்தேன். வேண்டாம் என்று சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. கொடுக்க வந்தவர்கள் முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிடுமாம்.

மூன்று நாற்காலியின் முதுகிலும் கொட்டை எழுத்தில் 'உபயம்' என்று போட்டு, கீழே கொடுத்தவர்களின் பெயர். எங்கள் பக்கத்தில் பெயர் எழுதாமல் எதுவும் கைமாறாது. கோயில் டியூப் லைட்டில் பெயர் எழுதி எழுதி வெளிச்சமே கம்மியாகிவிட்டது என்று மாமா கிண்டல் செய்வார்.

நாற்காலி வந்ததே தவிர, அது எங்கள் வீட்டு வாசற்படிக்குள் நுழையவில்லை. மூன்றும் வெளியே ஓட்டுச் சார்ப்பின் கீழ் வரிசையாக நின்றன. எங்கள் தெருவில் போர்வெல் தண்ணீர் வாயில் வைக்க முடியாது, அவ்வளவு உப்பு. குடிக்கிற தண்ணீர் தெருமுனைக் குழாயில் நினைத்தபோதுதான் வரும். வருகிற அன்று தெருவே குடத்தோடு ஓடும். அப்படி ஒருநாள் மாமாவுக்கு யோசனை வந்தது. நாற்காலியின் உட்காரும் பலகையில் ஒரு குடம், கால் வைக்கும் இடத்தில் ஒரு குடம். ஒரு பொட்டு சிந்தாமல் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு நாற்காலியைக் கேட்டுத் தெருவில் பாதிப் பேர் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். எனக்கு இருந்த மரியாதையைச் சொல்லி முடியாது.

மாட்டிக்கொண்ட அன்றைக்கும் தண்ணீர் வந்த நாள்தான். ஆண்டு விழாவில் என்னை நாற்காலியோடு மேடையில் உட்காரவைக்க வேண்டும் என்று கூப்பிடுவதற்காகக் கிளப் தலைவர் காரில் வந்தார். ஒரு ஷூ கம்பெனியில் மேனேஜர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டவர். தெருமுனையிலேயே அவர் கார் நின்றுவிட்டது. குழாயடியில் மூன்று சக்கர நாற்காலியும் வரிசையில் நின்றன, பச்சைக் குடம், சிவப்புக் குடம், நீலக் குடம் சுமந்துகொண்டு. முதலில் நின்றது அவருடைய கிளப் கொடுத்தது.

"இன்னாய்யா இது? கொழந்தைக்குக் குடுத்தமா, தண்ணி இழுக்கக் குடுத்தமா?" என்று மாமாவைப் பிடித்துக்கொண்டார்.

சர்ச் சங்கத்தின் தலைவியும் அங்கேதான் இருந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், எங்களுக்கெல்லாம் சிஸ்டர். அவர் தெருவில் தண்ணீர் வரவில்லை என்று அன்றைக்கு இடுப்பில் குடத்தோடு எங்கள் குழாய்க்கு வந்திருந்தார். தங்கள் சங்கத்தின் பெயரை இரண்டாவது நாற்காலியில் படித்ததும் குடத்தைக் கீழே வைத்துவிட்டார். "எங்க பொம்பளைங்க பலகாரம் சுட்டு வித்து வாங்கினதும்மா" என்று அம்மாவைப் பார்த்து அவர் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கியது. அம்மா தலையைத் தூக்கவே இல்லை. மாமா குனிந்து குடங்களை ஒவ்வொன்றாக நாற்காலியிலிருந்து இறக்கினார். நாற்காலியைத் திரும்ப எடுத்துக்கொள்வோம், இனி இந்தக் குடும்பத்துக்கு எதுவும் கிடையாது என்று தலைவர் சத்தம் போட்டார். எனக்கு நாற்காலி போவதைப் பற்றி ஒன்றுமில்லை. அம்மாவைத் திட்டுகிறார்களே என்றுதான் அழுகை வந்தது.

குழாய்க்கு எதிரிலேயே பாய் கடை. ஷூவுக்கு அடியில் வைக்கும் ரப்பர் ஷீட் விற்கிறவர், உதவிக் குழுவிலும் அவர்தான் முக்கியம். அவர் மெதுவாக இறங்கி வந்தார்.

"நான் தெனம் பாத்துகினுதான் இருக்கேன் சார். சும்மா நிக்கறதுக்குத் தண்ணியாச்சும் தூக்கட்டும்னு வுட்டுட்டேன்" என்றார். "மூணு பேரும் ஒரே ஊர்ல இருக்கோம். ஒருத்தர ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்டுக்கல. இதுல புள்ளைய இன்னா சொல்றது?"

பிறகு என் பக்கம் திரும்பி, "உனக்கு இன்னாம்மா வேணும்?" என்று கேட்டார்.

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. நான் வீட்டுக்கு ஓடினேன், விந்தி விந்திதான். பரணிலிருந்த பழைய ஷூவைக் கொம்பால் தள்ளி விழவைத்து, கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். "இத மாதிரி பெருசா ஒண்ணு" என்றேன். "பாலம் ஏறணும்."

நான் ஓடி வந்ததை மூவரும் பார்த்துவிட்டார்கள். கிளப் தலைவர் என் காலைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

அதன்பிறகு வேலை சட்டென்று நடந்துவிட்டது என்று நினைத்தால் தப்பு. முதலில் ஒவ்வொரு சங்கமும் நாங்களே முழுசாகச் செய்கிறோம், மற்றவர்கள் எதற்கு என்றது. செய்ய முடியவில்லை. கிளப் தலைவரின் கம்பெனியில் ஷூ தைக்கலாம், ஆனால் எவ்வளவு உயர்த்துவது என்று அங்கே யாருக்கும் தெரியாது. அது தெரிந்த டாக்டரிடம் கூட்டிப்போக சிஸ்டரால்தான் முடியும். தரையில் அடித்தால் அதிராத, எடை கம்மியான ரப்பர் பாயிடம்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் சேர்ந்தார்கள். சிஸ்டர் என்னைக் கையைப் பிடித்து வேலூருக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார். பாய் ரப்பரைத் தானே அறுத்து அடுக்கி ஒட்டினார். கம்பெனியில், ஏற்றுமதிக்கு முன்னால் மாதிரி தைக்கும் அறையில், எனக்கு ஒரு ஜோடி தைத்தார்கள். கறுப்புத் தோல், லேஸ் வைத்தது, இடது கால் மட்டும் உயரம்.

ஷூ தயாராகிவிட்டது. பள்ளிக்கூடம் திறக்கும் நாளும் வந்துகொண்டிருந்தது. ஷூ மட்டும் என்னிடம் வரவில்லை. யார் பெயரை முதலில் போடுவது என்று முடிவாகவில்லையாம். பாய் கடையில் உட்கார்ந்து டீ குடித்துக் குடித்துப் பேசினார்கள். தோலில் அச்சுக் குத்துவதா, துணியில் பெயர் நெய்து லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கில் தைப்பதா, மூன்று சின்னத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவதா. பக்கத்துக் கடைக்காரர்களும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஷூ வந்துவிடும், வருஷம் வீணாகாது என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்த அப்பா அதை நிறுத்தியிருந்தார், நானும் கேட்பதை நிறுத்தியிருந்தேன்.

அம்மா ஒருநாள் வேலை விட்டு வந்தவள், டிபன் பையைக் கூட வீட்டில் வைக்காமல் நேராக அந்தக் கடைக்குப் போனாள். நானும் கூடவே போனேன். அம்மா யாரையும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் குரலை உயர்த்தவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். கால்ல போடறதுலயா பேர் எழுதப் போறீங்க?"

மூவரும் கையிலிருந்த டீயை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சிஸ்டரின் சங்கச் சின்னத்தில் சிலுவை இருந்தது. பாயின் குழுவுக்குப் பள்ளிவாசல் பெயர். கிளப் தலைவர் கொடுப்பதெல்லாம் இறந்துபோன தன் அப்பாவின் நினைவாக, அவர் பெயரும் போட்டு. வாழ்நாளெல்லாம் ஷூ செய்யும் ஊரில் இருந்தவர்களுக்கு ஷூ சரக்காகிவிட்டது, காலில் போட்டு மிதிப்பது என்பது நினைவிலேயே இல்லை. "அஸ்தஃபிருல்லா" என்று அல்லாவிடம் மன்னிப்புக் கேட்டு பாய் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"டப்பா மேல போட்டுக்கலாமா?" என்று தலைவர் இழுத்தார்.

"வுடுங்க சார்" என்றார் சிஸ்டர். "பேர் இல்லாமயே போவட்டும்."

மறுநாள் சாயங்காலம் அதே கடையில் கொடுத்தார்கள். நான் வழக்கம்போல் பவுடரும் ரிப்பனுமாகப் போனேன். போட்டோ எடுக்க மாமா போனைத் துடைத்து வைத்திருந்தார். நாற்காலி என்றால் அதன் பின்னால் நின்று பிடியில் கைவைத்து கேமராவைப் பார்க்கலாம். ஷூவை எப்படிக் கொடுப்பது? கிளப் தலைவர் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் தடுமாறினார். அப்புறம் அந்த வெள்ளைச் சட்டையோடு தரையில் உட்கார்ந்து, என் இடது காலை எடுத்துத் தன் முட்டிமேல் வைத்துக்கொண்டார். பெரியவர்கள் மேல் கால் படக் கூடாது என்று வளர்த்திருந்தார்கள். நான் வெடுக்கென்று இழுத்தேன். அவர் விடவில்லை. குதிகாலைப் பிடித்து உள்ளே தள்ளி, லேஸை இழுத்துக் கட்டினார். கட்டிய பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். மாமா போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நான் நேராக நின்றேன். கடையின் அலமாரி, எதிரே குழாய், தெரு எல்லாம் கொஞ்சம் இறங்கிப் போன மாதிரி இருந்தது. சந்தோஷம்தான். ஆனால் மனசுக்குள் ஒரு குறை. போட்டோ எடுக்கவில்லை, கைதட்டவில்லை, மேடை இல்லை. அம்மா திட்டியதால் கோபம், அதனால்தான் யாரும் பேசவில்லை என்று எடுத்துக்கொண்டேன். நாற்காலி பெரிய பரிசு, ஷூ சின்னப் பரிசு என்றும் தோன்றியது.

நாற்காலிகளில் ஒன்று பக்கவாதம் வந்த ஒரு தாத்தாவுக்குப் போனது, ஒன்று அரசு ஆஸ்பத்திரிக்கு. மூன்றாவதைக் குழாயடியிலேயே விட்டுவிடச் சொன்னார் பாய். என் கால் வளர வளர மூவரும் கூடி அடுத்த ஷூ செய்தார்கள். கூடிய இடத்தில் அடுத்து யாருக்கு என்ன வேண்டும் என்ற பேச்சும் வரும். போய் அவரையே கேட்டுவிட்டு வா என்று மாமாவை ஆட்டோவோடு அனுப்புவார்கள்.

அதெல்லாம் பிறகு. ஆறாவதுக்குப் பள்ளி திறந்த முதல் நாள் காலை, மேம்பாலத்தடியில் மாமா என்னை இறக்கிவிட்டார். எதிர் டீக்கடையில் மூவரும் நின்றிருந்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை. கையிலிருந்த டீயையும் குடிக்கவில்லை. நான் ஒவ்வொரு படியாக ஏறினேன். முட்டியில் கை ஊன்றவில்லை. மேலே போய் எட்டிப் பார்த்தபோதும் அவர்கள் மூவரும் அண்ணாந்து பார்த்தபடி அப்படியே நின்றிருந்தார்கள். தலைவர் கைக்குட்டையால் முகத்தை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். ஷூவைப் போட்டுக்கொண்டு நான் எங்கேயாவது தண்ணீர் தூக்கப் போகிறேனா என்று சோதனை செய்யத்தான் வந்திருக்கிறார்கள் என்று எனக்குப் பயம். இதையும் பிடுங்கிக்கொள்ளப் போகிறார்களே என்று, திரும்பிப் பார்க்காமல், அந்தப் பக்கத்துப் படிகளில் வேகமாக இறங்கிப் பள்ளிக்கூடத்துக்குள் ஓடிவிட்டேன்.