எழுப்ப வருகிறவர் வேறு

ஊரில் அவருக்கு அளவுக்காரர் என்று பெயர். சவப்பெட்டி செய்கிற தச்சர். தெருவில் எதிரே வந்தால் தெரிந்தவர்கள் வேண்டுமென்றே கொஞ்சம் குனிந்து நடப்பார்கள். "அண்ணே, கண்ணாலயே அளந்துடாதீங்க" என்பார்கள். "உனக்கு இன்னும் பலகை வரல, போ" என்று அவரும் சிரிப்பார்.

ஞாயிறுதோறும் ஆலயத்தில், மரித்தவர்கள் எழுந்திருப்பார்கள் என்று எல்லோரோடும் சேர்ந்து சொல்வார். மனசு மட்டும் ஒட்டாது. தான் அடிக்கிற பலகை மண்ணுக்குள் எத்தனை வருஷம் தாங்கும் என்று தெரிந்தவர் ஆயிற்றே. பதினோரு வருஷத்துக்கு முன் மனைவிக்கும் அவரே பெட்டி செய்திருந்தார்.

புதுச் சாலைக்காகப் பழைய கல்லறைத் தோட்டத்தை இடம் மாற்ற உத்தரவு வந்தது. எலும்புகளை வைக்கச் சின்னப் பெட்டிகள் செய்யும் வேலை அவரிடம் வந்தது. தோண்டும்போது கூடவே இருந்து எடுத்து அடுக்கவும் ஒப்புக்கொண்டார்.

முதல் குழி. காலை பத்து மணி, நல்ல வெயில். கடப்பாரை இறங்கியதும் கீழேயிருந்து மூன்று தட்டு கேட்டது. உள்ளே வரலாமா என்று கேட்பவர் விரல் முட்டியால் கதவைத் தட்டுவதுபோல. தோண்டியவர் கடப்பாரையைப் போட்டுவிட்டு மேலே ஏறிவிட்டார்.

"பலகை நெரியுற சத்தம்யா," என்றார் மேஸ்திரி.

மரம் என்னென்ன சத்தம் போடும் என்று அளவுக்காரருக்குத் தெரியும். இது அது இல்லை. மண்ணை விலக்கிப் பார்த்தார். அங்கே பலகையே இல்லை. என்றைக்கோ மக்கி மண்ணோடு மண்ணாகியிருந்தது. எலும்புகள் மட்டும் கிழக்கு பார்த்துப் படுத்திருந்தன.

இரண்டாவது குழியிலும் மூன்று தட்டு. மூன்றாவதிலும். ஆட்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கிளம்பத் தயாரானார்கள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மண்ணுக்குள் இருப்பவர்கள் காத்திருக்கிறார்கள். மேலே அரவம் கேட்டதும், தாங்கள் எழுந்திருக்க வேண்டிய அந்த நாள் வந்துவிட்டதென்று நினைத்துவிட்டார்கள்.

நான்காவது குழியில் முதல் தட்டு கேட்டதுமே ஓரத்தில் குந்தி, தூக்கத்தில் புரளும் குழந்தையிடம் பேசுவதுபோல மெல்லச் சொன்னார்: "இது அந்த நாள் இல்லீங்க. ரோடு போடறாங்க. இடம்தான் மாத்துறோம். நிம்மதியா தூங்குங்க."

அடுத்த தட்டு வரவில்லை. அதன்பிறகு அவர் சொல்லாமல் யாரும் மண்ணைத் தொடவில்லை.

ஐந்தாம் நாள் மனைவியின் குழி. மகள் வந்து பக்கத்தில் நின்றாள். அவர் குந்தினார், ஆனால் வாய் திறக்கவில்லை. தட்டு கேட்டது. இல்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. எழுந்து வந்தால்தான் வரட்டுமே. மறுபடியும் தட்டு, இந்த முறை அவசரமாக. மூச்சு விடுகிற நெஞ்சுபோல மண் லேசாக எழும்பி அடங்கியது. ஆட்கள் தோட்டத்துச் சுவரோரம் போய் ஒண்டிக்கொண்டார்கள்.

மகள் அவர் தோளைப் பிடித்தாள். "சொல்லுங்கப்பா. அம்மா எழுந்துக்கப் பாக்குறாங்க."

"எழுந்தா என்னம்மா?"

"இப்ப எழுந்தா மறுபடியும் சாகணும்ப்பா."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மண்ணருகே குனிந்தார்.

"நான்தான் வந்திருக்கேன். ஆனா உன்னை எழுப்ப வர்றவர் நான் இல்ல. அவர் வந்து கூப்பிடுவாரு. அப்ப எழுந்தா போதும்."

மண் அடங்க நேரம் பிடித்தது.

வேனில் அந்தப் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு போனார். நிழலில் இருந்த பெட்டிதான், ஆனாலும் வெதுவெதுப்பாக இருந்தது. தொட்டுப் பார்த்த மகள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். அவர் தன் கையை எடுக்கவில்லை.

புதுத் தோட்டத்தில் போதகர் ஜெபம் செய்து முடித்ததும் அவரைத் தனியே அழைத்து, "ஆளுங்க சொல்றதெல்லாம் நிஜமா?" என்று கேட்டார்.

"நான் இத்தனை வருஷமும் ஆலயத்துல சும்மா சொல்லிட்டிருந்தேன் ஐயா," என்றார் அளவுக்காரர். "அவங்க நிஜமாவே காத்திட்டிருக்காங்க."

அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தார். கடைசி நோயில் மகள் கட்டிலருகே உட்கார்ந்து அழுதாள். அவள் கையைத் தட்டிக்கொடுத்தவர், "அழாதம்மா. போய் உங்கம்மா பக்கத்துல படுத்துக்கிறேன். கூப்பிடும்போது ரெண்டு பேரும் சேர்ந்தே எழுந்துக்குறோம்," என்றார்.