அப்பாவின் சீனியும் என் அவசரமும்

எனக்குப் பொறுமை கிடையாது. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த ஆராய்ச்சியோ, தாமதமுள்ள நிலையற்ற இயந்திரத் தொகுதிகளுக்குப் பிஐடி என்னும் தானியங்கிக் கட்டுப்படுத்தி வடிவமைப்பது. பிழையைப் பார்த்துப் பார்த்துத் திருத்துவதுதான் அந்தக் கட்டுப்படுத்தியின் வேலை. நிலையற்ற தொகுதியைச் சும்மா விட்டால் கைமீறிப் போய்விடும். திருத்தினாலோ, பலன் உடனே தெரியாது. அதற்குள் பொறுக்காமல் மறுபடி திருத்தினால் ஊஞ்சல் போல ஆடத் தொடங்கும். தாமதம் ஓர் அளவைத் தாண்டினால் எந்தக் கட்டுப்படுத்தியாலும் பிடிக்க முடியாது. கோப்பாய் வீட்டில் மடிக்கணினியின் முன்னால் இருந்து, வரைகோடு திரையை விட்டு ஓடும்போதெல்லாம் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு அப்போதுதான் இன்சுலின் ஊசி தொடங்கியிருந்தது. முதல் தடவை இரத்தத்தில் சீனி இறங்கி வியர்த்துக் கொட்டியபோது குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தேன். கால் மணித்தியாலம் பொறுத்துத் திரும்பச் சோதிக்கும்படி டொக்டர் சொல்லியிருந்தார். என்னால் முடியவில்லை. இன்னொரு குவளை, சீனி போட்ட தேத்தண்ணீர், வாழைப்பழம் என்று கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

“காணும் பிள்ளை, விடு,” என்றார் அப்பா.

நான் விடவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முன் சீனி தாறுமாறாக ஏறியிருந்தது. அதை இறக்க இன்னொரு ஊசி போடட்டுமா என்று டொக்டரிடம் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பிறகு சில வாரங்கள் ஒன்றுமில்லை. கேட்டால், “நல்லாத்தான் இருக்கிறன்,” என்பார். நானும் நம்பினேன். ஒரு பின்னேரம் சுன்னாகம் சந்தையிலிருந்து வந்தவர், சைக்கிளை மதிலில் சாத்த முடியாமல் அதோடு சேர்ந்து சரிந்தார். சீனி பயப்படும் அளவுக்கு இறங்கியிருந்தது. தெளிந்ததும், எப்போதிருந்து என்று கேட்டேன்.

“சந்தையிலையே நடுங்கினது. இதுக்கு முதலும் ரண்டு மூண்டு தரம்.”

“ஏன் அப்பா சொல்லேல்லை?”

“சொன்னால் நீ படுற பாட்டைப் பாக்கேலாது பிள்ளை.”

கணக்கில் நான் எதிரியாக நினைத்த தாமதத்தை வீட்டில் கூட்டிக்கொண்டிருந்தது நானேதான்.

போன கிழமை சமையலறை வாசலில் வந்து நின்று, “பிள்ளை, கை நடுங்குது,” என்றார். குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துவிட்டு எதிரே இருந்தேன். மேசைக்குக் கீழே என் கால்கள் ஓயவேயில்லை. இரண்டாவது குவளைக்குக் கை போனது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அப்பா மணிக்கூட்டைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த தடவையும் இவளிடம் சொல்லலாமா என்றுதான் பார்க்கிறார்.