ஆயாக்கொட்டகையில் ஒரு குவளைப் பால்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், மலாயாவில், கிள்ளானிலிருந்து துறைமுகத்துக்குப் போகிற சாலையை ஒட்டி இருந்த ஒரு கித்தாத் தோட்டத்தில் இது நடந்தது. ரப்பர் விலை விழுந்து, பக்கத்துத் தோட்டங்களில் ஆட்களைக் கூட்டங்கூட்டமாகக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த நேரம். எங்கள் தோட்டத்தில் வேலை இருந்தது. அந்த வேலை போய்விடக் கூடாதே என்று எல்லாரும் வாயை மூடிக்கொண்டு கிடந்தோம்.

நானும் என் வீட்டுக்காரரும் பால்மரம் வெட்டினோம், ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் இறக்குகிற வேலை. விடியுமுன் பெரட்டுக்களத்தில் வரிசையில் நின்று பேர் கொடுத்துவிட்டுக் காட்டுக்குள் போனால், வெட்டி முடித்து, பால் எடுத்து, நிறுத்துப் போட்டுவிட்டுத் திரும்ப மதியம் தாண்டிவிடும். அதுவரை கைப்பிள்ளைகள் எல்லாம் ஆயாக்கொட்டகையில் இருப்பார்கள். அத்தாப்பு ஓலைக் கூரை, பலகைத் தரை, உத்தரத்தில் கட்டிய சேலைத் தூளிகள். என் மூத்த பெண்ணும் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி.

பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவளை நாங்கள் ஆயாக்கா என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். அவளும் முன்பு பால்மரம் வெட்டியவள்தான். ஒருநாள் தோளில் பால்வாளியோடு கால்வாய்ப் பலகையைக் கடக்கும்போது வழுக்கி விழுந்து, ஒடிந்த பாதம் கோணலாகக் கூடிப்போய்விட்டது. புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை குட்டி இல்லை. அதிகம் பேச மாட்டாள்.

என் பெண்ணுக்கு வயது ஒன்று முடிந்தும் எழுந்து நிற்கவில்லை. கை கால் குச்சி மாதிரி இருந்தது. நான் போய்த் தூக்கினதும் பாய்ந்து மாரைக் கவ்வுவாள். காலையெல்லாம் ஒன்றும் சாப்பிடாத பிள்ளை மாதிரி. என் ராசி அப்படி என்று நினைத்துக்கொண்டேன். மற்றப் பிள்ளைகளும் அப்படித்தான் இருக்கிறார்கள் என்பது ஏனோ அப்போது கண்ணில் படவில்லை.

ஒருநாள் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. வெட்டு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நனைந்தபடியே பிள்ளையை எடுக்கப் போனேன். ஆயாக்கா அடுப்படியில் இருந்தாள். பெரிய பானை நிறையத் தண்ணீர் கொதிக்கிறது. ஒரே ஒரு டின் பாலை அதில் ஊற்றிக் கலக்கிக்கொண்டிருந்தாள். அரிசி களைந்த தண்ணீர் அதைவிட வெள்ளையாக இருக்கும்.

"என்னக்கா இது? இத்தனை புள்ளைக்கும் இவ்ளோதானா?" என்றேன்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்குக் குடுக்கறது இவ்ளோதான்" என்றாள். பாலைக் கலக்கிக்கொண்டே, "மிச்சம் ரோட்டோரக் கோப்பிக் கடைக்குப் போவுது. கடை யாருதுன்னு உனக்கே தெரியும்" என்றாள்.

தெரியும். ஸ்டோர்க் கணக்கு எழுதுகிற கிராணியின் மச்சான் கடை அது. பால் டின் பெட்டிகள் லோரியில் வந்து இறங்குவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். இறக்கி ஸ்டோரில் அடுக்குவதே எங்கள் ஆட்கள்தான். அத்தனையும் தோட்டத்துப் பிள்ளைகளுக்காகக் கம்பெனி அனுப்புவது.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் கோபப்படவில்லை, பயந்தார். "கிராணிகிட்ட மோதாத புள்ள. நாளைக்கே நம்மள கப்பல்ல ஏத்திடுவான்" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. இன்னும் இரண்டு தாய்மாரைச் சேர்த்துக்கொண்டு ஸ்டோர் வாசலில் போய் நின்றேன். பணிவாகத்தான் கேட்டோம். கிராணி சிரித்தார். "கம்பெனி அனுப்புறதே அவ்வளவுதான். உங்க புள்ளைங்க என்ன, துரை வீட்டுப் புள்ளைங்களா?" என்றார். திரும்பி வந்தோம். வேறு யாரிடம் போய்ச் சொல்வது? தோட்டத்துத் துரையைப் பார்ப்பதற்கும் கிராணியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பிறகு கிள்ளானிலிருந்து வெள்ளைக்கார டாக்டர் தோட்டத்தைப் பார்வையிட வருகிறார் என்று சொன்னார்கள். அந்த வாரம் என் பெண்ணுக்குக் கண் பொங்கியிருந்தது. பெரிய டாக்டரிடம் காட்டலாம், பிள்ளையோடு கொட்டகையிலேயே இரு என்று தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் சொல்லியிருந்தார். அதனால்தான் நான் அன்றைக்கு அங்கே இருந்தேன்.

காலையிலேயே கிராணி ஆட்களை விட்டுக் கொட்டகையைக் கழுவிவிட்டார். புதுப் பாய் வந்தது. டின் பாலும் வந்தது, கை நிறைய. ஆயாக்கா எல்லாவற்றையும் உடைத்து ஊற்றிக் காய்ச்சினாள். கொட்டகை முழுக்கப் பால் வாசனை. பிள்ளைகள் அந்த வாசனைக்கே சிணுங்க ஆரம்பித்துவிட்டன. அடுப்புக்குப் பின்னால் இன்னொரு சின்னச் சட்டியும் இருந்தது. நான் அதைப் பார்த்தேன், ஆனால் ஒன்றும் தோன்றவில்லை.

டாக்டர் வந்தார். உயரமான மனிதர். பின்னால் டிரஸ்ஸர், கிராணி. தூளிகளைப் பார்த்தார். பிள்ளைகளின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். என்ன குடிக்கக் கொடுக்கிறீர்கள் என்று டிரஸ்ஸரிடம் கேட்டார் போலிருக்கிறது. கிராணி முந்திக்கொண்டு பெரிய பானையைத் திறந்து காட்டினார்.

அதற்குள் ஆயாக்கா அந்தச் சின்னச் சட்டியிலிருந்து ஒரு தகரக் குவளையில் மொண்டு, காலை இழுத்துக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் டாக்டரிடம் நீட்டினாள்.

அவர் வாங்கி ஒரு வாய் குடித்தார். முகம் மாறியது. குவளைக்குள் எட்டிப் பார்த்தார்.

கிராணி பதறிப்போய், "பானை கழுவின தண்ணி துரை, இவளுக்குப் புத்தி சரியில்ல" என்று தமிழிலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றிச் சொன்னார். ஆயாக்கா அவர் பக்கமே திரும்பவில்லை. டாக்டரைப் பார்த்து, தனக்குத் தெரிந்த பாசார் மலாயில், குவளையைக் காட்டிச் சொன்னாள்:

"இனி, ஹரி ஹரி, துவான்."

பிறகு பெரிய பானையைக் காட்டினாள்.

"இத்து, ஹரி இனி."

இது தினமும் கொடுப்பது, ஐயா. அது இன்றைக்கு மட்டும். அவ்வளவுதான் அவள் சொன்னது.

டாக்டர் கிராணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அங்கே இருந்த ஒரே தாய் நான்தான். "பெத்துல்?" என்று கேட்டார். உண்மையா என்று.

கிராணி என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். என் வீட்டுக்காரரின் பயந்த முகம் கண்ணுக்குள் வந்தது. அந்த நேரத்தில் பிள்ளை என் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு அழுதாள். "பெத்துல், துவான்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அவருக்குக் கேட்டுவிட்டது.

டாக்டர் சத்தம் போடவில்லை. என் பெண்ணை வாங்கி, அவள் கண்ணைப் பார்த்துவிட்டு, குச்சிக் கையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு, நேரே துரை பங்களாவுக்கு நடந்து போனார்.

அதற்குப் பிறகு பால் டின்கள் ஸ்டோருக்குப் போகாமல் டிரஸ்ஸர் கைக்கு வந்தன. எங்கள் கண்முன்னாலேயே உடைத்துக் கொடுத்தார்கள். என் பெண் சதை பிடித்தாள். சுவரைப் பிடித்து நின்றாள். அந்த வருஷத் தீபாவளிக்கு வாசல்வரை நடந்தும் வந்துவிட்டாள்.

எங்களைக் கப்பலேற்றவில்லை. கிராணியின் வேலையும் போகவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். சில மாதம் சும்மா இருந்துவிட்டு, ஏதோ ஒரு சாக்குச் சொல்லி ஆயாக்காவைக் கொட்டகையிலிருந்து எடுத்துப் புல் வெட்டப் போட்டுவிட்டார். அந்தக் கோணல் காலோடு மேட்டுக்காட்டில் லாலாங் புல் வெட்ட வேண்டும். கொடுத்த நிரையை முடிக்காவிட்டால் அரைப் பேர்தான், அரைநாள் கூலி. நாங்கள் தாய்மார் எல்லாம் டிரஸ்ஸரிடம் போனோம், கங்காணியிடம் போனோம். யாரும் அசையவில்லை.

அதனால் மதியம் பால் நிறுத்துப் போட்ட கையோடு, பசியாறக்கூடப் போகாமல், ஆளுக்கொரு கத்தியை எடுத்துக்கொண்டு அவள் நிரைக்குப் போய்விடுவோம். பிள்ளையை மரத்தடியில் விட்டுவிட்டு வெட்டுவோம். முதல்நாள் எங்களைப் பார்த்ததும், "வேற வேலை இல்லியா உங்களுக்கு?" என்று அதட்டினாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தேன். என் பெண்ணைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் புல்லை அரிந்துகொண்டிருந்தாள். எங்கள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் அரைப் பேர் வாங்க நாங்கள் விடவில்லை. ஆனால் அந்தக் கால் தாங்கவில்லை. மறுவருஷம், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வேலையில் இருந்த அவள் தம்பி வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவே இல்லை.

என் பெண் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். எங்கள் பிள்ளைகளுக்குச் சேர வேண்டியதை, சொந்தப் பிள்ளை ஒன்றுகூட இல்லாத அவள் வாங்கிக் கொடுத்தாள். அவளுக்குச் சேர வேண்டியதை, அத்தனை பேர் இருந்தும் எங்களால் வாங்கிக் கொடுக்க முடியவில்லையே என்பது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.