சிவப்பு கிளாஸ் வேண்டாம்

குனோங் ராபாட் ஊர்ல இருக்குற எங்க மாமனார் வீட்டுல கிறிஸ்மஸ் காக்டெயில் கலக்குறது என் கொழுந்தன் ஜோஷுவாவோட வேலை. இந்த வருஷம் ரம், எலுமிச்சை, ரோஸ் சிராப்னு முடிவு பண்ணிட்டான்.

எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு. என் மூணு வயசு மகள் தினமும் குடிக்கிறதும் அதே சிவப்பு சிராப்தான். விருந்தாளிங்க கிளாஸை அங்கங்க வெச்சுட்டுப் போவாங்க. அவளுக்கு எப்படி வித்தியாசம் தெரியும்?

"கலரை மாத்து லா, ஜோஷ்."

"பிள்ளைங்க தொடாத கலர் எது அண்ணி?"

நல்ல கேள்வி. இன்னிக்கு சாயந்திரம் ரம் இல்லாம நாலு கிளாஸ் கலந்து, மகளைக் கூப்பிட்டோம்.

பண்டான் இலைப் பச்சை, சங்குப்பூ நீலம், மாம்பழ மஞ்சள் மூணையும் ஆசையா குடிச்சா. நாலாவது, புளியும் இஞ்சியும் கலந்த பழுப்பு. மோந்து பார்த்துட்டு, "மருந்து, வேணாம்"னு ஓடிட்டா.

அப்பாடான்னு இருந்துச்சு. "இதையே வெச்சுக்கலாம்"னு சொன்னேன்.

ஜோஷுவா ஒரு வாய் குடிச்சுட்டு கிளாஸைத் தள்ளி வெச்சான். "அண்ணி, பாப்பா சொன்னது சரிதான் லா."

பெரியவங்க குடிக்கணும், பிள்ளைங்க கிட்டயே போகக்கூடாது. அப்படி ஒரு கலர் தெரிஞ்சா சொல்லுங்க. பாகற்காய்னு மட்டும் சொல்லாதீங்க, எங்க மாமனாரும் ஓடிடுவார்.