தொகுதி முடிகிற ஓடை

ஓடைப்பாலத்துக்கு முந்தின ஒற்றைப்பனை வந்ததும் ஊர்க்காவலனின் குரல் பாதியில் நின்றுவிடும். "உங்கள் பொன்னான வாக்குகளை…" என்று ஏறின பேச்சு அங்கேயே அறுந்து தொங்கும். ஒரு கையில் ஹேண்டில்பார், மறு கையில் மைக் என்று ஓட்டி வந்தவர், பின்சீட்டில் இருக்கிற ஆம்ப்ளிஃபயரை அணைப்பார். ஆட்டோவையும் அணைப்பார். பிறகு இறங்கித் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, தெற்குப் பக்கமாகக் காதைக் கொடுத்து நிற்பார்.

அந்த ஓடையில் தண்ணீர் ஓடுவது அபூர்வம். கரையெல்லாம் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடக்கிறது. ஆனாலும் பெரிய எல்லை அது. வடகரை விருதுநகர் நாடாளுமன்றத் தொகுதி, தென்கரை தூத்துக்குடித் தொகுதி. வடகரை வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்க வாங்கின அனுமதிச் சீட்டு ஆட்டோக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். அதை வைத்துக்கொண்டு தென்கரையில் வாயைத் திறக்கக்கூடாது.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் கல்யாண வீடு, கேத வீடு, பொங்கல், தேர்தல் எதுவானாலும் ஊர்க்காவலனின் மைக் செட்தான். வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். மைக்கைக் கையில் கொடுத்தால் ஊரையே கூட்டிவிடுவார். தொகுதியைப் பற்றிக் கேட்டால் சொந்தபந்தத்தை வைத்துத்தான் கணக்குச் சொல்லுவார்.

"எங்க அய்யா காலத்துல ஓடைக்கு இங்கன அங்கன எல்லாம் ஒரே சிவகாசி தொகுதிதாங்க. பெறகு பிரிச்சு விட்டாக பாருங்க! ராஜபாளையத்துச் சகலை தென்காசிக்கு ஓட்டுப் போடுதாரு. திருச்சுழி மச்சினன் ராமநாதபுரத்துக்குப் போடுதான். மதுரை ஜில்லாவுல கெடக்குற திருமங்கலத்துக் கொழுந்தியா நம்ம விருதுநகருக்குப் போடுதா. ஒரு சம்பந்தம் பேசுனா நாலு எம்.பி.யைக் கூப்பிடணும் போல."

சிரிக்கச் சிரிக்கச் சொல்லுவார். தென்கரைப் பேச்சு வந்தால் மட்டும் துண்டால் வாயைத் துடைத்துக்கொள்ளுவார்.

தென்கரையில், பாலத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனி. தொகுதி பிரிக்கிறதுக்கு முன்னால் மைக் ஆட்டோ அதன் வாசல்வரை போகும். சத்தம் கேட்டதும் பெண்கள் வெடிமருந்து ரூமை விட்டு வேப்பமரத்து நிழலுக்கு ஓடி வருவார்கள். தேர்தல் காலமென்று போர்மேனும் கண்டுகொள்ள மாட்டார். பிரித்த பிறகு வந்த முதல் தேர்தலில், ஊர்க்காவலன் பனையடியில் மைக்கை அணைத்தார். ஆட்டோ வேறு பாதையில் போய்விட்டது என்று பெண்கள் நினைத்துக்கொண்டார்கள். ஒருத்தியும் வெளியே வரவில்லை. அவர் ஆட்டோவைத் திருப்புமுன் ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு மருந்து ரூம் வெடித்தது. அதில் மாட்டிச் செத்தவள் ராமுத்தாய், ஊர்க்காவலனின் கூடப்பிறந்த தங்கை. ஊரே அவரை முழுப் பேர் சொல்லிக் கூப்பிட, "காவண்ணே" என்று சுருக்கிக் கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் உண்டாயிற்று. யார் சொல்லி வந்ததென்று தெரியாது. பனையடியில் மைக் நின்றதும் தென்கரைப் பெண்கள் கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு வெளியே வந்து, கூட்டாகக் குரல் கொடுப்பார்கள்: "இருக்கோம்ணே!" அதைக் கேட்ட பிறகுதான் ஊர்க்காவலன் ஆட்டோவைத் திருப்புவார்.

"ஏண்ணே, எங்க ஓட்டு ஒங்களுக்குக் கசக்குதோ?" என்று ஒருத்தி கத்துவாள்.

"ஒங்க ஓட்டு தூத்துக்குடிக் கடலுக்குப் போயிருச்சு தாயி!" என்று இவரும் கத்துவார். அங்கே பாதிப் பேர் கடலைப் பார்த்ததில்லை.

ஊர்க்காவலனின் ஒரே மகள் பாண்டிச்செல்வி தென்கரையில்தான் வாக்கப்பட்டாள். அந்தக் கம்பெனிக்கே வேலைக்கும் போகிறாள். முகமும் நடையும் அப்படியே அத்தை சாயல்.

போன நாடாளுமன்றத் தேர்தலின்போது, சித்திரை வெயிலில், வழக்கம்போல் பனையடியில் மைக்கை அணைத்துவிட்டு நின்றார். குரல் வரவில்லை. காற்றும் இல்லை. கருவேல நெற்று உதிர்கிற சத்தம்கூட இல்லை. ஆட்டோவைத் திருப்பவும் மனசில்லாமல், பாலம் தாண்டிப் போகவும் துணியாமல் நின்றவருக்கு வெகுநேரம் கழித்து ஒரே ஒரு குரல் கேட்டது.

"காவண்ணே, இருக்கேன்."

மகள்தான் விளையாடுகிறாள் என்று நினைத்தார். சாயங்காலம் போன் போட்டு வைதார். "ஏ புள்ள, செத்துப்போன ஒங்க அத்தை மாதிரியா கூப்பிட்டு வெளாடுவ?"

"நானா? நான் வீட்டுலல்லா இருக்கேன். ஆபீசருக சோதனைக்கு வாராகன்னு காலையிலயே கம்பெனியைப் பூட்டி எங்களை எல்லாம் அனுப்பிட்டாகப்பா. அங்கன ஒரு ஈ காக்கா கெடையாது."

ஊர்க்காவலன் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "நாளைக்கு வேலைக்குப் போகாத தாயி" என்றார்.

"நல்லாச் சொன்னீக. ஆர்டர் தலைக்கு மேல நிக்கி. ஒருநாள் போகலைன்னா போர்மேன் வேற ஆளைச் சேத்துக்கிருவாரு. வெயில்ல சுத்தி ஒங்களுக்குக் காது அடைச்சிருக்கும். மோரைக் குடிச்சிட்டுப் படுங்க."

மறுநாள் பனை வந்தது, குரல் நிற்கவில்லை. பாலம் வந்தது, நிற்கவில்லை. விருதுநகர் வேட்பாளருக்குத் தூத்துக்குடித் தொகுதியில் ஓட்டுக் கேட்டுக்கொண்டு ஆட்டோ கம்பெனி வாசலுக்குப் போய் நின்றது. பெண்கள் சிரித்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடி வந்தார்கள். "ஏண்ணே, வழி தப்பிட்டீகளா? இல்ல கடல் பாக்க வந்தீகளா?"

பாண்டிச்செல்வி தூக்குவாளியும் கையுமாக வந்தாள். மருந்து ரூமுக்குள் போகக் கிளம்பினவள் அவள்.

"ஏம்ப்பா மானத்தை வாங்குறீக? அங்கன பாருங்க!"

தேர்தல் பறக்கும் படை ஜீப் வந்துகொண்டிருந்தது. அதிகாரி வெளியூர்க்காரர், சின்ன வயசு. கண்ணாடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். "என்ன பெரியவரே, இந்தத் தொகுதிக்கு வாங்கின பர்மிட்டா இது? முதல்ல அதை அணைங்க."

ஊர்க்காவலன் மைக்கை விடவில்லை. பெண்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்களா என்று போர்மேன் செந்தூர்பாண்டியைக் கேட்டார். "எல்லாரும் இங்கனதான் நிக்காக. ஒங்க வண்டி வந்தா எவ உள்ள இருப்பா?" என்று போர்மேன் எரிந்து விழுந்தார். பிறகுதான் ஊர்க்காவலன் சுவிட்சை அணைத்தார்.

மைக் நின்றதும், பழக்க தோஷத்தில், மரத்தடியில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் கூட்டாகக் கத்தினார்கள்: "இருக்கோம்ணே!" கத்திவிட்டு, தங்களுக்குத் தாங்களே சிரித்தார்கள்.

அதிகாரி சிரிக்கவில்லை. மருந்து ரூம் பக்கம் திரும்பிப் பார்த்தார். "உள்ளே இன்னொரு அம்மா இருக்காங்களே, அவங்களையும் வெளியே வரச் சொல்லுங்க."

"உள்ள யாரும் இல்லைங்க சார்."

"இப்பத்தான் பதில் சொன்னாங்க. தனியாக் கேட்டுச்சே. காவண்ணே, காவண்ணேன்னு."

போர்மேன் போய் ரூம் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். உள்ளே கால் வைக்காமல் அப்படியே திரும்பி வந்தார். பெண்களில் ஒருத்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாண்டிச்செல்வி அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் ரூமைப் பார்த்தாள். தூக்குவாளியை ஆட்டோவுக்குள் வைத்து, பின்சீட்டின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்தாள். அதிகாரி கேஸ் எழுதப்போகிறேன் என்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அது ஊர்க்காவலனின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மகளுக்குப் பக்கத்தில் இருந்த ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி முன்சீட்டின் காலடியில் இறக்கினார். அது இருந்த இடத்தைத் துண்டால் தூசி போகத் துடைத்தார். துடைத்துவிட்டு, இன்னும் ஓர் ஆள் ஏற வேண்டியிருக்கிறது என்பதுபோல், ஒதுங்கி நின்றார்.