செத்தவர் எழுதிய கருத்து

இணுவிலில் இருந்த அந்தச் சிறிய வாசிகசாலைக்கு ஒரு வழக்கம் இருந்தது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிறவர், கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளில் தன் கருத்தை ஒரு வரியாவது எழுதவேண்டும். கதைப் புத்தகம் எடுத்தவர்கள் ‘நன்று’ என்று எழுதித் தப்பிவிடுவார்கள். தொழில், வியாபாரம் பற்றிய புத்தகங்களை எடுத்து ஒழுங்காகக் கருத்து எழுதியவர் முத்துக்குமாரு ஒருவர்தான். தீப்பெட்டி செய்வது பற்றிய புத்தகத்தில், ‘இதை எழுதியவர் ஒருநாளும் குச்சி சீவியிராதவர்’ என்று இருந்தது. முதலாளியாவதற்கு வழி சொன்ன புத்தகத்தில், ‘முந்நூறு பக்கத்தில் தொழிலாளி இரண்டு இடத்தில் வருகிறான், இரண்டு இடத்திலும் பேச்சு வாங்குகிறான்’ என்று இருந்தது.

வாசிகசாலையைப் பார்த்துக்கொண்டவர் சோமசேகரம். அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர். கோயிலுக்குப் போகாதவர், நாள் கோள் பார்க்காதவர், ஆதாரம் இல்லாமல் எதையும் ஏற்காதவர். முத்துக்குமாருவின் வரிகளை வாசித்துத் தனியே சிரிப்பார். எண்பத்தேழு ஐப்பசியில் செல் குண்டு விழுந்து முத்துக்குமாரு செத்தபோது, அவருடைய அங்கத்துவ அட்டையைக் கறுப்பு நூலால் கட்டி மேசை லாச்சிக்குள் வைத்தார்.

தொண்ணூற்றொன்று ஆவணியில் அந்தக் கையெழுத்து திரும்பி வந்தது.

யாழ்ப்பாணத்துக்குச் சவர்க்காரம் வரவிடாமல் அரசாங்கம் தடைசெய்திருந்த காலம் அது. பலாலிப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் மருதனார்மடத்துக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். பிள்ளைகளின் உடம்பெல்லாம் சிரங்கு. கடனீரேரி கடந்து வந்த ஒருவரின் பையில் சவர்க்காரம் செய்யும் முறை பற்றிய புத்தகம் ஒன்று வாசிகசாலைக்கு வந்து சேர்ந்தது. மூடிக்கிடந்த ஒரு சவர்க்காரப் பட்டறையில் மிஞ்சிய, எண்ணெயோடு சேர்க்கும் கோஸ்ரிக் சோடாக் காரமும் கிடைத்தது. தேங்காயெண்ணெய்க்கு எங்கே போவது? வேப்பெண்ணெய் இருந்தது. சோமசேகரமும் நிர்வாகசபைக்காரரும் புத்தகத்தைத் திறந்து வைத்து, நிறுத்து, கிண்டி, அச்சில் ஊற்றினார்கள். அறையைக் கூட்டிக்கொண்டு நின்ற பெண் ஏதோ சொல்ல வந்தாள். ஆவி படும், தள்ளி நில் என்று அனுப்பிவிட்டார்கள். அறுபது கட்டிகள் பின்னறையில் தட்டுகளில் காய்ந்தன. மாத முடிவில் வரும் வெள்ளிக்கிழமை பிள்ளைகளுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு.

மூன்றாம் நாள் காலை சோமசேகரம் புத்தகத்தைப் புரட்டினார். அதை இன்னும் ஒருவரும் இரவல் எடுக்கவில்லை. ஆனால் கடைசித் தாளில் எழுத்து இருந்தது. வலப்பக்கம் சாய்ந்த எழுத்து; ‘ழ’வின் வால் அடுத்த வரிவரை இழுபட்டிருந்தது.

‘இது தேங்காயெண்ணெய்க்குச் சொன்ன அளவு. வேப்பெண்ணெய்க்குச் சோடா கூடிப்போம். குழந்தைகளின் புண்ணில் பட்டால் தோல் வேகும்.’

பழைய தீப்பெட்டிப் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே கை. எழும்பிப் போய்ப் பூட்டையும் யன்னலையும் பார்த்தார். பூட்டு உடைபடவில்லை. யன்னல் கம்பி வளையவில்லை. யாரோ விளையாடுகிறான் என்று அந்தத் தாளைக் கிழித்து லாச்சிக்குள், கறுப்பு நூல் கட்டிய அட்டைக்கு மேலேயே போட்டார்.

அடுத்தநாள் புத்தகத்தின் உள்ளட்டையில் அதே வரிகள் இருந்தன.

செய்தி ஊருக்குள் பரவியது. ஆட்கள் வாசிகசாலைக்கு வருவது குறைந்தது. வந்தவர்களும் தொழில் புத்தக அலுமாரிக்கு முதுகு காட்டி இருக்கவில்லை. செயலாளர் இராசநாயகம், ஐயரைக் கூப்பிட்டு ஆவிக்கு ஒரு சாந்தி ஓமம் செய்வோம் என்றார். சபையில் இருந்த பஞ்சலிங்கம், செத்தவரிடம் சந்தா அறவிடுகிறதா என்று கேட்டுச் சிரித்தார். ஆனால் சிரித்துக்கொண்டே எழும்பிப் போனார்.

சோமசேகரத்துக்குக் கோபம் வந்தது. பதிவேட்டைத் திறந்து, நாற்பத்தொரு அங்கத்தவரையும் வரிசையாகக் கூப்பிட்டு, ‘தோல் வேகும்’ என்று எழுதுவித்தார். பூதக்கண்ணாடியால் பார்த்தார். ஒருவருடைய கையும் பொருந்தவில்லை.

அதற்குப் பிறகு அவர் செய்த காரியத்தை நினைத்து அவரே வெட்கப்பட்டார். உள்ளட்டையில் பென்சிலால், ‘நீர் ஆர்?’ என்று எழுதிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். காலையில் வந்ததும் முதல் வேலையாக அதைத் திறந்தார். கீழே பதில் இருந்தது.

‘அளவைப் பற்றிக் கேளுங்கள்.’

தலைக்கு மேலே குண்டு போடும் பொம்மர் ஒன்று இரைந்து போனது. அவருக்கு அது கேட்கவில்லை. பேய் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அந்த வரியை எழுதியது யார்? ‘எவ்வளவு குறைக்க?’ என்று எழுதினார். ‘நாலில் ஒரு பங்கு’ என்று மறுநாள் பதில் வந்தது. அதை ஏற்றால் பேயை ஏற்றதாகிவிடும் என்று நினைத்தார். புத்தகத்தில் இருந்த அளவைச் சரிபார்க்க அவருக்குத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை கொடுக்கிறது கொடுக்கிறதுதான் என்று சொல்லிவிட்டார்.

புதன்கிழமை காலை பின்னறைத் தட்டுகள் வெறுமையாக இருந்தன. அறுபது கட்டியும் இல்லை.

இராசநாயகம் வாசலுக்கு வெளியே நின்று தேவாரம் சொன்னார். சோமசேகரம் வெறுந்தட்டுகளுக்கு நடுவே நின்றார். அப்போது மணம் வந்தது. வேப்பெண்ணெய் கொதிக்கிற மணம். பேய்க்கு அடுப்பு எதற்கு? மணத்தைப் பிடித்துக்கொண்டு பின்கதவால் இறங்கி, புகையிலைத் தோட்ட வேலியோரமாக நடந்தார். ஓலைக் குடிசை ஒன்றின் முன்னால் பெரிய கிடாரம் கொதித்தது. அதைக் கிண்டிக்கொண்டிருந்தாள் பத்மாவதி. முத்துக்குமாருவின் பெண்சாதி, நாலு வருடமாக வாசிகசாலை கூட்டுகிறவள். பின்கதவுப் பூட்டின் திறப்பு அவளிடம்தான் இருந்தது. விடிய முதல் வந்து கூட்டிவிட்டுப் போவாள். அவளையும் அந்தத் திறப்பையும் அவர் ஒருநாளும் கணக்கில் எடுத்ததில்லை.

“எல்லாத்தையும் சீவிப்போட்டு இன்னும் எண்ணெய் விட்டுக் காய்ச்சிறன், ஐயா,” என்றாள், திரும்பாமல். “இந்த வெள்ளி குடுக்கேலாது. காயவேணும்.”

அவளுடைய இரண்டு கைகளிலும் பழைய சோடாத் தழும்புகள் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன. அந்த மூடிய பட்டறையில் எட்டு வருடம் கட்டி வெட்டினவள் என்று அப்போதுதான் அறிந்தார்.

“அப்ப முத்துக்குமாரு எழுதினது?”

“அவருக்குத் தன்ரை பேரை எழுத மட்டுந்தான் தெரியும். புத்தகம் எடுக்கிறது அவர். வாசிச்சுக் கருத்து எழுதிறது நான். உங்கடை அங்கத்துவ அட்டை ஆம்பிளையளுக்குத்தானே.”

“நீங்கள் ஏன் எனக்கு நேரை சொல்லேல்லை?”

முதன்முறையாக அவளை அவர் ‘நீங்கள்’ என்றார்.

“சொன்னனான். தள்ளி நில் எண்டியள். எழுதினனான், கிழிச்சியள்.” கிடாரத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்ததை வழித்து நீட்டினாள். “ஆறினாப்போலை நுனிநாக்கிலை வைச்சுப் பாருங்கோ. சுள்ளெண்டால் பிள்ளையளுக்குக் குடுக்காதேங்கோ. கச்சேரியிலை உது படிப்பிக்கேல்லையோ?”

சோமசேகரம் மடியிலிருந்து ஒரு சவர்க்காரத் துண்டை எடுத்தார். முதல் வார்த்த பழைய கட்டியின் சில்லு. அந்த எழுத்துப் பொய் என்று ஊருக்குக் காட்டவென்று வைத்திருந்தது. அதை நாக்கில் வைத்தார். நெருப்புத் தொட்டதுபோல் எரிந்தது. சிரங்குப் பிள்ளைகளின் முதுகுகள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. மிச்சச் சில்லைக் கிடாரத்துக்குள் போட்டார்.

ஒரு கிழமை கழித்துக் கட்டிகள் பள்ளிக்கூடத்துக்குப் போயின. ஒவ்வொரு தட்டிலும் ஒன்றை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே கொடுத்தார். ஒரு பிள்ளைக்கும் தோல் எரியவில்லை. கிழித்த தாளைப் பசை போட்டுத் திரும்ப ஒட்டினார். பதிவேட்டில் நாற்பத்திரண்டாவது பெயராகப் பத்மாவதியை எழுதினார். சபை அதை வெட்டியது, அவர் மறுபடி எழுதினார். நடந்ததைக் கூட்டத்தில் எழும்பிச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, எதற்கும் சாந்தியைச் செய்வோம் என்றார்கள். செய்தார்கள். ஓமச் சாம்பலை மறுநாள் கூட்டி அள்ளியவள் அவள்தான்.

அடுத்த புத்தகத்தின் கருத்துத் தாளில் அதே சாய்ந்த எழுத்து, அதே ‘ழ’ வால். கீழே பத்மாவதி என்று முழுப் பெயர்.

இராசநாயகம் அதை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சாந்தி பலிக்கவில்லை, முத்துக்குமாருவின் ஆவி இப்போது பெண்சாதியின் பெயரிலும் எழுதத் தொடங்கிவிட்டது என்று தாழ்ந்த குரலில் சொன்னார். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள்.