தங்கச்சியை அழைக்க வண்டூருக்கு

சென்னை விமான நிலையத்தில் என் பையைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே முருங்கைக்கீரைப் பொடி இரண்டு டப்பா, கருப்பட்டி போட்டு இடித்த எள்ளுருண்டை, பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக் நான்கு பாட்டில், எங்கள் மாதா கோயிலில் மந்திரித்த எண்ணெய் ஒரு குப்பி. பச்சைப் பொடியை முகர்ந்து பார்த்த காவல்காரப் பெண், "என்னம்மா இது?" என்றாள்.

"முருங்கைக்கீரை. என் தங்கச்சிக்கு ஏழு மாசம். இரத்தம் ஊறணும்லா?"

அவள் சிரித்துக்கொண்டே மூடித் தந்தாள்.

நாங்கள் மணப்பாடு பக்கத்துக் கடற்கரைக்காரர்கள். தலைப்பிள்ளைக்கு ஏழாம் மாதம் பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டி வருவது எங்கள் வழக்கம். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டதால் தங்கச்சி ஸ்டெல்லாவைக் கூட்டி வரவேண்டியது அக்காவாகிய நான்தான். அவளைப் பார்த்து நான்கு வருடம் ஆகிறது. போக ஒரு டிக்கெட்டும், வர இரண்டு டிக்கெட்டும் என் வீட்டுக்காரர் எடுத்துத் தந்தார். திரும்பும்போது அவளுக்கு ஜன்னல் ஓரம் வேண்டும் என்று நானே சொல்லி வாங்கினேன். சின்ன வயதில் பஸ்ஸில் ஜன்னலுக்காக என் கையைக் கடித்தவள் அவள்.

சென்னையிலிருந்து ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். விமானத்தில் இரண்டு மணி நேரம்தான். ஒரு செபமாலையை நிதானமாக முடித்துக் கீழே பார்த்தால் பச்சைப் பச்சையாய்த் தீவுகள். இறங்கியதும் பலகையில் ஸ்ரீ விஜயபுரம் என்று எழுதியிருந்தது. ஆட்டோக்காரர் மதுரைப்பக்கம். "இது போர்ட் பிளேயர்தானே தம்பி?" என்று கேட்டேன். "போர்டை மாத்திட்டாங்க அக்கா, நம்ம வாய் இன்னும் மாறல," என்றார்.

தங்கச்சி மாப்பிள்ளை சைமன் பஸ் நிலையத்தில் காத்திருந்தார். அவர் ராஞ்சிக்காரர். அவருடைய தாத்தா காலத்தில் காடு வெட்டும் வேலைக்கு வந்த பழங்குடிக் குடும்பம். கத்தோலிக்கர்கள்தான். இங்கே வேலைக்கு வந்த ஸ்டெல்லாவைக் கோயில் பாட்டுக்குழுவில்தான் பார்த்தார். வண்டூர்ப் படகுத்துறையில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறார். "தீதி, சஃபர் எப்படி? சாப்பாடு ஆச்சா?" என்று என் பையை வாங்கினார். அக்காவை அவர்கள் தீதி என்கிறார்கள், பயணத்தை சஃபர். பையின் கனத்தைப் பார்த்து, "கல்லு கொண்டு வந்தீங்களா?" என்றார்.

வண்டூர் இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல். ஆளுக்கு முப்பது ரூபாய் டிக்கெட். டாலிகஞ்ச் தாண்டியதும் கடைகள் குறைந்து பாக்குத்தோப்புகள் வந்தன. பஸ்ஸில் வங்காளி, தெலுங்கு, மலையாளம், எல்லாவற்றுக்கும் மேலே இந்தி. எங்கள் ஊர்க் கட்டுவிரியன் பாம்பைப்போலப் பாதை நெளிந்தது. எப்போது இறங்குவோம் என்று மட்டுமே எனக்கு இருந்தது.

வாசலில் ஸ்டெல்லா நின்றாள். வயிறு மட்டும் முன்னே வந்திருந்தது, மற்றபடி அதே வெளுத்த முகம்.

"ஏட்டி, என்ன இப்படிச் சோகை பிடிச்சவ மாதிரி நிக்க?"

"நீ மட்டும் என்ன, செம்பருத்திப் பூவா? வா எக்கா."

கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் வெளுப்புத்தான். அம்மா எங்களை வரிசையாக உட்கார வைத்து முருங்கைச்சாறு ஊற்றுவாள். ஆஸ்பத்திரியில் எந்த நோவுக்குப் போனாலும் முதலில் இரும்பு மாத்திரை தருவார்கள். தின்று தின்று நாக்கு கறுத்ததுதான் மிச்சம்.

அங்கே ஐந்தரைக்கே இருட்டிவிடுகிறது. விளக்குப் போட்டுச் செபத்துக்கு உட்கார்ந்தபோது வீட்டுக்காரர் போன் செய்தார். "இங்க இன்னும் வெயில் அடிக்கு," என்றார். என் தங்கச்சி இத்தனை வருடமாக எங்களுக்கு முன்னால் இருட்டைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள் என்று அன்றுதான் உறைத்தது.

செபம் முடிந்தபின் சைமன் ஒரு விஷயம் சொன்னார். சில வாரங்களுக்கு முன் இரத்தத்தை ஆராய்ச்சி செய்கிற குழு ஒன்று ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் கூடத்தில் ராஞ்சிக்காரர்களின் இரத்தம் எடுத்ததாம். சைமனுடைய இரத்தத்தில் அரிவாள் செல் என்கிற மாற்றம் பாதி இருக்கிறதாம். அவருக்கு அதனால் ஒன்றும் இல்லை. ஆனால் மனைவிக்கும் பார்க்க வேண்டும் என்று ஸ்டெல்லாவிடமும் எடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். கூடப்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களும் வரலாமாம்.

அவர்களோடு இருக்கும் சைமனின் அம்மா சுவரைப் பார்த்தார். அங்கே திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு பையனின் போட்டோ, செண்டுமல்லி மாலையோடு. சைமனின் அண்ணன். கை கால் மூட்டெல்லாம் வலி வலி என்று துடித்து, பதினோரு வயதில் போனவன். அப்போது யாருக்கும் பெயர் தெரியாத நோய்.

வெள்ளிக்கிழமை டாலிகஞ்சில் அந்த ஆராய்ச்சிக் குழு இருந்த கட்டடத்தின் மாடிக்குப் போனோம். நான் ஒருசந்தி இருந்து, வெறும் வயிற்றோடு போயிருந்தேன். இரத்தம் கொடுக்கும்போது நற்கருணை வாங்கப் போவதுபோலச் சுத்தமாய் இருக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு எண்ணம். ஊசியைப் பார்த்ததும் தலை சுற்றியது. அங்கே வேலை பார்க்கும் வசந்தி, அந்தத் தீவுகளிலேயே ரங்கத் என்கிற ஊரில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பெண், ஓடிவந்து பிடித்தாள்.

"அரே அக்கா, காலையில நாஷ்டா பண்ணலையா? இதுக்குச் சாப்பிட்டே வரலாமே! உங்க சாமி உங்களைப் பட்டினி போடச் சொன்னாரா?"

பிஸ்கட்டும் டீயும் கொடுத்த பிறகு என் இரத்தத்தை இரண்டு சின்னக் குழாயில் எடுத்தாள். அப்புறம் ஸ்டெல்லாவையும் சைமனையும் உட்காரவைத்துச் சொன்னாள். ஸ்டெல்லாவின் இரத்தத்தில் வேறொரு மாற்றம் இருக்கிறது. பெயர் தலசீமியா. செல்கள் சின்னதாகவே உருவாகும், அதனால்தான் பிறந்ததிலிருந்து வெளுப்பு. அவளும் அதைச் சுமக்கிறவள் மட்டும்தான், நோயாளி இல்லை.

"ஆனா அப்பாகிட்டேருந்து அரிவாளும் அம்மாகிட்டேருந்து இதுவும், ரெண்டும் சேர்ந்து ஒரு பிள்ளைக்கு வந்தா அதுக்கு வலி வரும். நாலுல ஒரு வாய்ப்பு. ஒவ்வொரு பிள்ளைக்கும் புதுசா சீட்டுக் குலுக்குற மாதிரி."

"அப்ப நான் கொண்டுவந்த டானிக்கு?" என்றேன். அந்த நேரத்தில் என் வாயில் அதுதான் வந்தது.

"கீரை சாப்பிடட்டும், எள்ளுருண்டை எனக்கும் ஒண்ணு குடுங்க. டானிக் மட்டும் டாக்டர் டெஸ்ட் பார்த்துச் சொன்ன பிறகு குடிச்சா போதும். இரும்பு குறைஞ்சு வர்ற வெளுப்பு இல்ல அக்கா இது."

பிள்ளை பிறந்ததும் குதிகாலில் ஒரு சொட்டு எடுத்துப் பார்ப்பார்களாம். முதலிலேயே தெரிந்துவிட்டால் காய்ச்சலுக்கும் கிருமிக்கும் மருந்தும் தடுப்பூசியும் கொடுத்து நன்றாக வளர்க்கலாமாம்.

திரும்பி வந்து ஸ்டெல்லாவோடு கடற்கரைக்குப் போனேன். பட்டுப்போன பெரிய மரங்கள் மணலில் கிடந்தன. முதலை உண்டு, தண்ணீரில் இறங்காதீர்கள் என்று பலகை. கடற்கரையில் பிறந்த நாங்கள் இருவரும் கால் நனைக்க முடியாத கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம்.

"ஏட்டி, புதன்கிழமை கிளம்புதோம். துணி எடுத்து வச்சிட்டியா?"

"நான் வரல எக்கா."

"நம்ம ஊர்ல ஆஸ்பத்திரி இல்லையா? தூத்துக்குடியில இந்த டெஸ்டு இல்லையா?"

"இருக்கும். டாக்டர் இருப்பாவ, நீ இருப்ப. ஆனா பிள்ளைக்கு வலி வந்து ராத்திரி துடிச்சா உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியுமா? அத்தைக்குத் தெரியும். எந்தக் காலைத் தொட்டா கத்தும், எப்படி ஒத்தடம் குடுக்கணும், எத்தனை தடவை தண்ணி குடுக்கணும், மழையில எப்படிப் பொத்தி வச்சுக்கணும், எல்லாம். ஒரு பிள்ளையைக் குடுத்துப் படிச்ச பாடம் எக்கா அது. அத்தை பக்கத்துலதான் என் பிள்ளை பிறக்கணும்."

நான் சண்டை போட்டேன். அம்மா ஆத்துமா சாந்தி அடையாது என்றேன். ஊரில் என்ன சொல்வேன் என்றேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். நான் அவள் தலையைக் கோதிவிட்டேன்.

அன்று இரவு சைமனின் அம்மா மகன் போட்டோவுக்குக் கீழே மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் முழங்காலிட்டேன். அவர் அவருடைய பாஷையில் அருள்நிறை மரியே சொன்னார், நான் தமிழில். முடிக்கும்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆமென் சொன்னோம்.

செவ்வாய்க்கிழமை வசந்தி போன் செய்தாள். "அக்கா, உங்களுக்கும் தங்கச்சிக்கு இருக்கிற அதேதான் இருக்கு. பயப்பட ஒண்ணும் இல்ல. உங்க பையன்களுக்குக் கல்யாணத்துக்கு முன்னாடி பார்த்துடுங்க, மறந்துடாதீங்க." போனை வைத்ததும் கவலைதான் வந்திருக்க வேண்டும். எனக்கு என்னவோ ஒரு ஆறுதல் வந்தது. அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ, யாரிடமிருந்து என்று இனித் தெரியாது. அவர்கள் விட்டுப்போனது எங்கள் இரண்டு பேரிடமும் இருக்கிறது.

புதன் காலை வாசலில் சைமனின் அம்மா ஏதோ சொல்ல, சைமன் சிரித்துச் சிரித்துத் தமிழாக்கினார்.

"அம்மா சொல்றாங்க, டெலிவரிக்கு ரெண்டு வாரம் முன்னாடி தீதி இங்க வரணுமாம். உங்களுக்குத் தனி அடுப்பு வைக்கிறாங்களாம். அவங்க அடுப்புல புளி ஊத்தக்கூடாதாம்."

"அவங்க கடுகெண்ணெய் வாசனைக்கு என் புளி எவ்வளவோ மேல்னு சொல்லுங்க," என்றேன். அவரும் சொன்னார். அந்த அம்மா என் கன்னத்தைத் தட்டினார்.

டானிக் பாட்டில்கள் என் பையிலேயே திரும்பின. முருங்கைப் பொடியும் மந்திரித்த எண்ணெயும் ஸ்டெல்லாவிடம்.

விமானத்தில் நடு இருக்கையில் உட்கார்ந்தேன். ஜன்னல் இருக்கை காலி. பணிப்பெண், "மேடம், ஜன்னல் பக்கம் மாறிக்கோங்களேன், யாரும் வரல," என்றாள். "இல்லம்மா, அது என் தங்கச்சி இடம்," என்றேன். அவள் என்ன நினைத்தாளோ, அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். விமானம் எழும்பித் திரும்பியது. காலி இருக்கையைத் தாண்டி எட்டிப் பார்த்தேன். காடு, ஒரு வெள்ளைக் கோடு போலக் கரை, அதற்கப்பால் கடல். எது வண்டூர் என்று தெரியவில்லை. ஆனாலும் சிலுவை போட்டேன்.

இப்போது ஊரில், மாலைச் செபத்துக்கு மணி அடிக்கும்போது வாசலில் இன்னும் வெயில் கிடக்கிறது. அங்கே அவள் விளக்கேற்றியிருப்பாள். நானும் விளக்கை ஏற்றிவிடுகிறேன். "வெளிச்சத்துலேயே எதுக்குடி?" என்று வீட்டுக்காரர் கேட்கிறார். அலமாரியில் புதிதாய் ஒரு டிக்கெட் இருக்கிறது, என் பெயருக்கு, போவதற்கு மட்டும்.